முழங்கைக்குக் கீழே

திருமூர்த்தி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தான். கடந்து முடித்து, பேக்கரி வாசலில் நின்று, "வஞ்சி, உனக்குத் தேங்கா பன்னா, பப்ஸா?" என்று குனிந்து கேட்டபோதுதான் பக்கத்தில் வஞ்சி இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அவனுடைய வலது கை மட்டும் ஒரு பிஞ்சுக் கையைப் பொத்திப் பிடித்த வளைவிலேயே இருந்தது.

வஞ்சி நடுச்சாலையில் தடுப்புக் கல்லை ஒட்டி நின்றிருந்தாள். நாலரை வயது. செருப்பு கழன்றதால் கையை உருவிக்கொண்டு குனிந்து மாட்டியிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தால் அப்பா அந்தப் பக்கம். அப்பாவிடம் ஓடலாம் என்று அவள் ஒரு அடி எடுத்து வைக்க, தண்ணீர் லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்த அவனுடைய அக்கா கோகிலவாணிதான் ஓடிப்போய்க் குழந்தையை வாரித் தூக்கினாள்.

"ஏம்மா, புள்ளய நடு ரோட்டுல உட்டுப்போட்டு எங்கம்மா போறீங்க? கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று லாரிக்காரர் கத்தினார். கத்தாமல் என்ன செய்வார், அவருக்கும் கைகால் நடுங்கிக்கொண்டிருந்தது.

வாணிக்கு நடுங்கவில்லை. பதறவேண்டிய நேரத்தில் தான் பதறவில்லை என்பதை அவள் ஒரு ஓரமாகக் கவனித்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு இப்படித்தான். நல்லதோ கெட்டதோ, எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல் இருந்தது. வேலை அப்படி. இரவு பகலாகத் திரையைப் பார்த்துக்கொண்டு, ராட்சசர்களுக்குக் கை மாட்டும் வேலை.

அவள் வேலை பார்த்த விளையாட்டின் பெயர் 'மலைமுழுங்கி'. கோயம்புத்தூரில் பிறந்து, ஊர் உலகமெல்லாம் போன விளையாட்டு. திரையில் ஆறு மாடி உயர இரும்பு ராட்சசர்கள் தெருத்தெருவாக நடந்து மோதிக்கொள்வார்கள். ஆடுகிறவர் தோளில் ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தால் போதும், ராட்சசனின் கை அவருடைய கை. பட்டனும் கிடையாது, பிடியும் கிடையாது. கையைத் தூக்கவேண்டும் என்று நினைத்தால் அங்கே கை உயரும்.

அந்தக் கையில் ஆயுதத்தை எங்கே மாட்டுவது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. நெஞ்சில் மாட்டினால் நெஞ்சு திரும்பிய பக்கம்தான் சுட முடியும். கையில் மாட்டினால் முன்னால் நடந்துகொண்டே பக்கவாட்டில் சுடலாம். மணிக்கட்டையும் விரல்களையும் கழற்றி எறிந்துவிட்டு முழங்கையிலேயே பீரங்கியைப் பொருத்தினால் இன்னும் பெரிய பீரங்கி தாங்கும், கையும் பம்பரமாகச் சுழலும். சிக்கல் ராட்சசனிடம் இல்லை. அவனுக்கு விரல் கிடையாது, நாற்காலியில் கிடக்கிறவனுக்கு உண்டே! சுடுகிற நொடியில் அவனுடைய விரல்கள் தாமாக மடங்கும். அந்தத் துடிப்பு தோள்பட்டி வழியாகப் போய்ப் பீரங்கியை மயிரிழை ஆட்டிவிடும். அங்கே மயிரிழை என்றால் ஒரு தெரு அகலம்.

அதற்கு மருந்து கண்டுபிடித்தவள் வாணி. பீரங்கி மாட்டியிருக்கும் நேரம் மட்டும், முழங்கைக்குக் கீழே கை என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்திருக்கட்டும் என்றாள். தோள்பட்டியே அந்த மறதியை உண்டாக்கியது. 'கைமறப்பு' என்று பெயர் வைத்தார்கள். ஆட்டம் முடிந்து பட்டியைக் கழற்றினால் சற்று நேரத்தில் விரல்களில் எறும்பு ஊரும், உணர்ச்சி திரும்பும்.

திரும்பிவிட்டதா என்று பார்க்கும் பரிசோதனையும் அவள் செய்ததுதான். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் எழுந்து ரசிகர்களுக்குக் கும்பிடு போடவேண்டும். உள்ளங்கைகளில் ஒட்டிய இரண்டு மெல்லிய வில்லைகள் அழுத்தத்தை அளக்கும். இரண்டு கையும் சமமாக அழுத்தினால் இரண்டும் பச்சையாக எரியும். "நம்ம பண்பாடும் ஆச்சு, பரிசோதனையும் ஆச்சு" என்று நிறுவனத்தின் தலைவர் கிருபாகரன் மேடையிலேயே அவளைப் பாராட்டினார். ரசிகர்களும் கைதட்டினார்கள். இன்றுவரை ஒருவருக்குக்கூடச் சிவப்பு எரிந்ததில்லை.

பேக்கரியில் மூவரும் உட்கார்ந்தார்கள். வஞ்சி பப்ஸை உதிர்த்து முகமெல்லாம் அப்பிக்கொண்டாள். லாரியை அதற்குள் மறந்துவிட்டாள், குழந்தைதானே.

"கையப் புடிச்சுட்டுத்தான் இருக்கறேன்னு நெனச்சேன்க்கா" என்றான் மூர்த்தி. மலைமுழுங்கியில் அந்த வருடம் அவன்தான் முதல் ஆட்டக்காரன். சுவரில் எல்லாம் அவன் முகம். "ஏதோ யோசனையில இருந்துட்டேன்."

வாணி பையிலிருந்து இரண்டு வில்லைகளை எடுத்து அவன் கையில் ஒட்டினாள். "கும்புடு."

கும்பிட்டான். இரண்டும் பச்சை. "பாரு, தேறிட்டேன்" என்று சிரித்தான்.

அவள் வில்லைகளை உரித்து எடுத்தாள். பிறகு மேசைக்கு அடியில் கையை விட்டு அவனுடைய வலது சுண்டுவிரலை நகம் பதியக் கிள்ளினாள். அவன் பப்ஸில் இப்போதெல்லாம் முட்டையே வைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தான். இன்னும் பலமாகக் கிள்ளினாள். பேச்சு நிற்கவில்லை. கையை எடுத்துப் பார்த்தபோது அவள் நகத்தில் ரத்தம் இருந்தது.

மூர்த்தி அந்த நகத்தைப் பார்த்தான். பேச்சை நிறுத்தினான்.

"எத்தன நாளா?" என்றாள் வாணி.

"தீவாளிக்கு முன்னாடி இருந்து. மொதல்ல சாயங்காலமாச்சுன்னா கொஞ்சம் வந்துட்டு இருந்துச்சு. இப்ப அதும் இல்ல."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நாற்காலியில உக்கார உடுவியா நீயி?" அவன் வஞ்சியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "விரலு திரும்பி வர்றவனுக்குத்தான்க்கா பீரங்கி ஆடுது. கைமறப்பு போட்டாலும் உள்ளுக்குள்ள துளி மிச்சம் இருக்கும். எனக்கு அந்தத் துளியும் இல்ல. அதனாலதான் நான் ஜெயிக்கறேன். வரிசையில மேல இருக்கற எட்டுப் பேர்த்துக்கும் இதே கததான். யாரும் வாயத் தொறந்து பேசிக்கறதில்ல. சோத்துக்கு உக்காந்தா எட்டுப் பேரும் இடது கையில ஸ்பூன எடுப்போம், அப்பத் தெரிஞ்சுக்கறதுதான்."

அந்த ஸ்பூனை வாணி பார்த்திருக்கிறாள். பெரிய ஆட்டக்காரர்களின் பவிசு என்று நினைத்திருந்தாள்.

அப்படியானால் பச்சை எப்படி எரிகிறது? அவள் வில்லைகளைத் தன் கையில் ஒட்டிக்கொண்டாள். வலது விரல்களைத் துவள விட்டு, இடது கையால் மட்டும் அழுத்திக் கும்பிட்டாள். இரண்டும் பச்சை. ஒரு கை தள்ளினால் மற்றக் கைமேல் விழும் அழுத்தமும் அதே அளவுதான். பள்ளிக்கூடத்துப் பாடம். கும்பிடு அழகாக இருக்கிறது என்று மயங்கி, கூடவே ஒரு செத்த கையும் கும்பிடும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. இத்தனை ஆட்டத்திலும் ஒருவருக்குக்கூடச் சிவப்பு எரியாததற்கு அதுதான் காரணம். எரியவே எரியாது.

"அத்தே, இங்க பாரு" என்று வஞ்சி கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்துத் தேய்த்தாள். சத்தம் வரவில்லை. "எனக்குச் சொடக்கு வரமாட்டீங்குது. அப்பா, நீ போட்டுக் காட்டு."

மூர்த்தியின் சொடக்கு தெருமுனைவரை கேட்கும். சின்ன வயதில் அதற்காகவே அடி வாங்கியிருக்கிறான். இப்போது இடது கையால் போட்டான், சுமாராக வந்தது.

"அந்தக் கையில இல்ல. இந்தக் கையில."

"இந்தக் கை தூங்குது சாமி" என்றான் அவன்.

வாணி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "உன்ற புள்ள நடு ரோட்டுல நின்னுச்சுடா."

"தெரியும்." அவன் வஞ்சியின் கன்னத்தில் ஒட்டியிருந்த பப்ஸ் துகளை இடது கையால் துடைத்துவிட்டான். "அழுவணும்னு தோணுதுக்கா. வரமாட்டீங்குது."

அவளுக்குத் தெரிந்த நரம்பு மருத்துவரிடம் அன்றே அழைத்துப்போனாள். அவர் ஊசியால் குத்திப் பார்த்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்: இப்போதே நிறுத்தினால் கை மெல்லத் திரும்பலாம், இன்னும் ஒரு பருவம் ஆடினால் அந்தக் கையை மறந்துவிட வேண்டியதுதான். மூர்த்தி சட்டைப் பொத்தானை இடது கையால் மாட்டிக்கொண்டே, "பைனல் முடியட்டுங் டாக்டர்" என்றான். இறுதி ஆட்டம் முடிந்தால் அடுத்த பருவம் வரும், அதற்கு ஒரு இறுதி ஆட்டம் வரும். வாணிக்கு அது தெரியாதா என்ன. அவன் தானாக எழப்போவதில்லை, நாற்காலியைத்தான் உருவவேண்டும்.

மறுநாள் அவள் கிருபாகரன் அறைக்குள் போனாள்.

"கைமறப்ப எடுத்தரணுங் சார்."

"ஏனுங் வாணி, பந்தி வச்சாச்சு. இப்பப் போயி எலைய எடுங்கறீங்க."

"எட்டுப் பேருக்குக் கை செத்துப்போச்சுங் சார்."

"யாரு சொன்னா? ஒருத்தருகூடப் புகார் குடுக்கல. உங்க பரிசோதனையில அத்தன பேரும் பச்சை."

"என்ற பரிசோதனை தப்புங் சார்." வில்லைகளை அவர் கையில் ஒட்டினாள். "வலது கைய அப்படியே தொவள உடுங்க. இடதுல மட்டும் அமுக்குங்க."

அவர் கும்பிட்டார். தன் உள்ளங்கைகளுக்கு நடுவே கசிந்த பச்சை வெளிச்சத்தைப் பார்த்தார். வில்லைகளை உரித்து மேசையில் வைத்தார். "கைமறப்ப எடுத்தா குறி ஆடும். குறி ஆடுனா ஆட்டத்த யாரு பாப்பாங்க? அது நடக்காதுங்க. வேணும்னா பரிசோதனைய மாத்திக்கலாம். என்ன வெக்கலாம்ங்கறீங்க?"

இதற்குத் தயாராகத்தான் அவள் வந்திருந்தாள். "சொடக்குங் சார். பைனல் முடிஞ்சதும் ஒவ்வொருத்தரும் வலது கையில சொடக்குப் போடட்டும். மைக் வெச்சு எல்லாரும் கேக்கற மாதிரி."

"அட! நல்லா இருக்குமே!" என்றார் கிருபாகரன். கண்கூட மலர்ந்தது. இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று அப்போதே அவளுக்கு உறுத்தியிருக்கவேண்டும். உறுத்தவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே நினைப்பு. அரங்கம் நிறைய ஜனம், ஊரெல்லாம் நேரலை. ஒவ்வொருவராகக் கையைத் தூக்கி, சத்தம் வராமல் நிற்கும்போது யார்தான் சும்மா இருப்பார்கள்? அம்மா அப்பா இருக்கிறார்கள், மருத்துவர்கள் இருக்கிறார்கள், பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள். தம்பியைச் சந்தி சிரிக்க வைத்தாவது அவன் கையைக் காப்பாற்றிவிடலாம். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டான்.

இறுதி ஆட்டத்தன்று கூட்டம் அம்மியது. மூர்த்தியின் ராட்சசன் பாழடைந்த ஆலைத் தெரு ஒன்றில் நேராக நடந்துபோனான், திரும்பிப் பார்க்காமல், ரேஷன் கடைக்குப் போகிறவனைப்போல. எதிராளி பின்னாலிருந்து புகைபோக்கிக்கு மறைவில் வந்தான். மூர்த்தி நடையை நிறுத்தவில்லை. வலது கை மட்டும் முழங்கையில் முழுசாகப் பின்பக்கம் சுழன்றது. மணிக்கட்டும் விரலும் இருக்கிற எந்தக் கையாலும் அப்படித் திரும்ப முடியாது. ஒரே குண்டு. புகைபோக்கியும் எதிராளியின் ராட்சசனும் சேர்ந்து சரிந்தார்கள். அரங்கம் எழுந்து ஆடியது. திரைக்கு இந்தப் பக்கம், நாற்காலியில், மூர்த்தியின் நிஜக் கை மடியில் கழற்றிப்போட்ட துண்டுபோலக் கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. வாணி பார்த்தாள்.

ஆட்டக்காரர்கள் எல்லோரும் மேடையில் வரிசையாக நின்றார்கள். கும்பிடக் கை தூக்கியவர்களை வர்ணனையாளர் தடுத்தார். "இன்னிக்குக் கும்பிடு இல்லீங்க! வலது கையில ஒரு சொடக்கு! ஒவ்வொருத்தரா வாங்க, எங்க மைக் காத்துட்டு இருக்குது!"

முதலில் நின்றவன் காங்கேயத்திலிருந்து வந்த புதுப் பையன், முதல் சுற்றிலேயே தோற்றவன். சொடக்கினான். அரங்கமெல்லாம் 'டக்' என்று எதிரொலித்தது. கூட்டம் கைதட்டியது.

அடுத்தவன் விரலைத் தேய்த்தான். ஒன்றும் வரவில்லை. மைக்கைக் கிட்டே வைத்தார்கள். தோல் உரசும் சத்தம் மட்டும் வந்தது. மூன்றாமவனுக்கும் இல்லை. நாலாமவள் கண்ணை மூடிக்கொண்டு முயன்றாள், விரல்கள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. கூட்டத்தின் இரைச்சல் மெல்ல அடங்கியது. ஐந்தாவது, ஆறாவது ஆள் வந்தபோது ஒருவர் இருமினால்கூடக் கேட்கும். வாணி ஒலிமேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். புரிந்துவிட்டது, எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்தாள். யாராவது எழுந்து கத்தப்போகிறார்கள் என்று காத்திருந்தாள்.

கடைசியாக மூர்த்தி வந்தான். எதற்காக இது என்பது அவனுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. இருட்டில் அக்காவைத் தேடிப் பார்த்தான். கையை உயரத் தூக்கினான். கட்டைவிரல் ஒரு பக்கம், நடுவிரல் ஒரு பக்கம். சத்தம் இல்லை. தூக்கிய கையை இறக்காமல் நின்றான்.

மாடியிலிருந்து ஒரு விசில் வந்தது. "தலைவா, உனக்கு எதுக்கு விரலு!" என்று எவனோ கூவினான். அவ்வளவுதான். அரங்கம் அதிர்ந்தது. ஜனம் மொத்தமும் எழுந்து நின்று வலது கையைத் தூக்கியது. பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அத்தனை பேரும் சத்தம் வராமல் விரலை மெல்லத் தேய்த்துக்காட்டினார்கள். ஆண், பெண், அப்பா தோளில் உட்கார்ந்திருந்த பொடிசுகள் எல்லாரும். மேடை ஓரத்தில் காங்கேயத்துப் பையன் தன் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

"பிச்சு ஒதறிட்டீங்க வாணி" என்று கிருபாகரன் பின்னாலிருந்து சொன்னார்.

மூர்த்தி சிரித்துக்கொண்டிருந்தான். வாணிக்குக் கோபம் வரவேண்டும், அழுகை வரவேண்டும். இரண்டும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்து, தயிர்சாதம் சாப்பிட்டுத் தூங்கினாள். நன்றாகவே தூங்கினாள், அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவளும் சும்மா இருக்கவில்லை. விளையாட்டின் அடுத்த பதிப்பில் கைமறப்பை யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டாள். ஆட்டக்காரர்களே கூட்டமாக வந்து திரும்பக் கேட்டார்கள். மூர்த்திதான் முன்னால் நின்றான். கிருபாகரன் திரும்பப் போட்டார். வாணி வேலையை விட்டாள். பத்திரிகைகளுக்குச் சொன்னாள்; அவர்கள் எழுதவும் எழுதினார்கள், தூக்கிய கையின் படத்தைப் பெரிதாகப் போட்டு. அந்தப் படத்தை வெட்டிப் பையன்கள் வண்டியில் ஒட்டிக்கொண்டார்கள். கல்யாணப் பந்தியில் இளவட்டங்கள் இலைமுன் உட்கார்ந்து ஸ்பூன் கேட்டன. தெருவில் எவனாவது தெரியாமல் சொடக்கிவிட்டால், "என்னடா, இன்னும் வெரலு இருக்குதா உனக்கு?" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். மூர்த்தி பயிற்சி அறையில் நாற்காலியில் கிடந்தான், கண் திறந்திருந்தது, அவளைப் பார்க்கவில்லை. வஞ்சி மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"பேக்கரிக்குப் போலாமா கண்ணு?"

அதே சாலை. வாணி குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பாதி தூரம் போவதற்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது. அவள் பிடியில் இருந்த கை திரும்பப் பிடிக்கவில்லை. விரல்கள் துவண்டு கிடந்தன.

"கையை நல்லாப் புடி சாமி, வண்டி வருது."

"புடிக்க மாட்டேன் அத்தே. என்ற கை தூங்குது."

வாணி நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் ஹாரன் அடித்தார்கள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். இந்த முறை அவளுக்குக் கைகால் நடுங்கியது. பேக்கரியில் உட்கார்ந்த பிறகும் நிற்கவில்லை. வஞ்சி பப்ஸுக்கு ஸ்பூன் கேட்டாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

"வஞ்சி, சொடக்கு வரலைன்னு அழுவியே. இப்பவும் வர்றதில்லையா?" என்று கேட்டாள் வாணி. கேட்கும்போதே பதிலுக்குப் பயந்தாள்.

வஞ்சி இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். அடுத்த மேசையில் இருந்தவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்தாள். பிறகு வலது கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனாள். மிகச் சின்னதாக, பச்சைப் பட்டாணி உடைவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"வந்துருச்சு அத்தே" என்று அவள் காதோடு காதாகச் சொன்னாள். "அப்பாகிட்டச் சொல்லிப்போடாத."